ஞாபக மாமியும் முப்பது மார்க்கும்

ஆர்.கே.புரம் ஏழாம் செக்டரில் ராஜலக்ஷ்மி வீடு எது என்று கேட்டால், எந்த ராஜலக்ஷ்மி என்று திருப்பிக் கேட்பார்கள். ஞாபக மாமி என்று சொன்னால் போதும், கூடவே படியேறி வந்து கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள், மாமிக்கு அபாரமான ஞாபகசக்தி போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வதுண்டு. அட ராமா! பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் பேசப் போகிறவள் அவள். பஸ்ஸில் அவள் விட்டுவிட்டு இறங்கிய குடைகளைச் சேர்த்து வைத்திருந்தால் கரோல் பாகில் ஒரு கடையே போட்டிருக்கலாம். அவள் சோதித்துப் பார்த்ததெல்லாம் அடுத்தவர்களுடைய ஞாபகத்தை. அதுதான் அவள் உத்தியோகம்.

மாயவரத்துப் பெண். ஐம்பத்தெட்டில் கல்யாணமாகி, கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் இடுப்பு ஒடிய உட்கார்ந்து டெல்லி வந்து சேர்ந்தவள். கணவர் சேஷன் கிருஷி பவனில் குமாஸ்தா. பள்ளிப் படிப்போடு ஹிந்திப் பரீட்சைகளையும் விஷாரத் வரை எழுதித் தேறியிருந்தாள். அந்தச் சான்றிதழ் இருபது வருஷம் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தது. படித்த ஹிந்தி முழுவதும் கறிகாய்க்காரனோடு மல்லுக்கட்டத்தான் உதவியது.

எழுபத்தொன்பதில், மலை மந்திர் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் ஆராய்ச்சி நடக்கிறது, தமிழும் ஹிந்தியும் தெரிந்த பெண் தேவை, வயதானவர்களிடம் பொறுமையாகப் பேச வேண்டும் என்று எழுதியிருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னாள்.

"பொறுமையாவா? நீயா?" என்றார் சேஷன்.

"ஏன்னா, இருபத்தோரு வருஷமா உங்களோட குடித்தனம் பண்றேனே, அது என்னவாம்?"

அவர் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். வேலையும் கிடைத்தது.

ஆராய்ச்சியை நடத்தியவர் டாக்டர் சூரி. லாகூரிலிருந்து சிறுவனாக அகதியாய் வந்தவர். நல்ல மனிதர், கொஞ்சம் படபடப்பு. அறுபது வயதைத் தாண்டியவர்களில் எத்தனை பேருக்கு நினைவு தேய்கிறது, எத்தனை பேர் துக்கத்தில் மூழ்கி மறந்தவர்கள் போல இருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்ப்பதுதான் அவர் நோக்கம். "வயசாகிவிட்டால் அப்படித்தான் என்று எல்லோரும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அதில் எது வயசு, எது வியாதி என்று யாராவது பார்க்க வேண்டாமா?" என்று முதல் நாளே கேட்டார். ராஜலக்ஷ்மிக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போய்விட்டது.

முப்பது மார்க்குக்கு ஒரு கேள்வித்தாள். ஃபாரம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கிழமை, தேதி, பிரதமர் பெயர், குடும்பத்தார் பெயர், அட்டையில் உள்ள நிறங்களின் பெயர், மூன்று சொற்களைக் கேட்டு ஐந்து நிமிஷம் கழித்துத் திருப்பிச் சொல்வது, கொஞ்சம் கழித்தல் கணக்கு, ஒரு வரி எழுதுவது. ஹிந்தியில் இருந்ததை அவளே தமிழாக்கினாள். மூன்று சொற்களுக்கு எல்லோருக்கும் தெரிந்தவையாகப் பொறுக்கி, கதவு, வாழைப்பழம், முத்து என்று வைத்துக்கொண்டாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருபதுக்குக் கீழே வந்தவர்களுக்கு ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லி ஒரு ரோஸ் நிறச் சீட்டுக் கொடுக்க வேண்டும்.

பயிற்சியின்போது டாக்டர் இன்னொன்றும் சொன்னார். நினைவு தேய்கிறவர்கள், கேள்வி கேட்டதும் பதிலுக்காகப் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு பொருளின் பெயர் வராமல் சுற்றி வளைத்துச் சொல்வார்கள். இரண்டையும் கவனியுங்கள் என்றார். ராஜலக்ஷ்மி அதை நோட்டில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டுக்கொண்டாள்.

முதலில் சர்க்கார் குவார்ட்டர்ஸ்கள். அங்கே வேலை சுலபமாக நடந்தது. காப்பி கொடுத்தார்கள், ஃபேன் போட்டார்கள். பிறகு, கோயில் குன்றுக்குக் கீழே, கட்டட வேலைக்கு வந்து தங்கிவிட்ட நம் ஜனங்களின் ஜுக்கிக் குடிசைகள். கள்ளக்குறிச்சி, சேலம் பக்கத்து ஆட்கள். ஆண்களுக்குச் சாரத்தில் வேலை, பெண்களுக்கு மண் சுமப்பது அல்லது குவார்ட்டர்ஸில் பாத்திரம் கழுவுவது.

அங்கேதான் வீராயியைப் பார்த்தாள். ஒல்லியான, விறைப்பான உடம்பு. மூன்று வீடுகளில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். இதே குவார்ட்டர்ஸ் கட்டும்போது, அறுபத்துமூன்றில், சாரம் சரிந்து கணவர் போய்விட்டார். மகன் காத்தவராயன் கொத்தனார். அவனோடும் மருமகளோடும் இருந்தாள்.

"வயசு என்ன இருக்கும் உங்களுக்கு?" என்று ஆரம்பித்தாள் ராஜலக்ஷ்மி. பாத்திரம் கழுவுகிறவளை 'நீங்க' என்று கூப்பிட்டு அவளுக்குப் பழக்கமில்லை. ஃபாரத்தில் அப்படித்தான் இருந்தது.

"அறுவதுக்கு மேல இருக்கும். யாரு எண்ணிக்கிட்டு இருந்தா?"

"இன்னிக்கு என்ன கிழமை? என்ன தேதி?"

"செவ்வாக்கெழம. ஆடி இருவத்திரெண்டு. பதினெட்டாம் பெருக்கு போயி நாலு நாளாச்சே! இன்னிக்குப் பௌர்ணமி வேற."

ராஜலக்ஷ்மி பையிலிருந்து பாக்கெட் காலண்டரை எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. அத்தனையும் சரி. இங்கிலீஷ் தேதியாக மாற்றி மார்க் போட்டாள்.

"பிரதமர் யாரு?"

"போன மாசத்து ஆளா, இந்த மாசத்து ஆளாம்மா?"

அதற்கும் மார்க் போட்டாள். சிரித்துக்கொண்டேதான் போட்டாள். கணக்கும் எழுத்தும் வரவில்லை. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவளிடம் அதை எதிர்பார்க்கவும் இல்லை. நிற அட்டையை நீட்டினாள்.

"இது சேப்பு. இது மஞ்ச. இது எலக் கலரு."

"சரியான பேர் சொல்லுங்க."

"அதாம்மா, எலக் கலரு. வாழ எல மாதிரி."

மார்க் இல்லை. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் சொன்ன மூன்று சொற்களைக் கேட்டாள்.

"கதவு. வாழப்பழம்." வீராயி நிறுத்தினாள். "அப்புறம், சிப்பிக்குள்ள இருக்குமே, அது."

சுற்றி வளைக்கிறாள்! ராஜலக்ஷ்மியின் பேனா நிமிர்ந்தது. அதற்கும் மார்க் இல்லை. கடைசியில் குடும்பத்தார் பெயர். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் கடகடவென்று வந்தன.

"உங்க வீட்டுக்காரர் பேர்?"

வீராயி முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசலைப் பார்த்தாள். "எம் மவன் வேலைக்குப் போயிருக்கான். வந்தான்னா சொல்லுவான்."

"நீங்கதான் சொல்லணும்."

"அவனையே கேளு தாயி."

நோட்டில் கோடு போட்ட வரி அப்படியே கண்ணெதிரில் வந்து நின்றது. 'பதிலுக்கு மகனைத் தேடுகிறார்' என்று எழுதினாள். இரண்டு மார்க் போயிற்று. கூட்டிப் பார்த்தால் முப்பதுக்குப் பதினெட்டு.

உங்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். 'அடி அசடே!' என்று அவளைத் திட்டிக்கொண்டும் இருப்பீர்கள். திட்டுங்கள், தப்பே இல்லை. ஆனால் அன்றைக்கு அது ஒன்பதாவது வீடு. டெல்லி ஆகஸ்ட் புழுக்கம். கையில் ஒரு ஃபாரமும் பேனாவும் வந்துவிட்டால் மனுஷாளுக்கு வீட்டுப் புத்தி கொஞ்சம் தள்ளி நின்றுவிடுகிறது. இவ்வளவு சூட்டிகையான பெண்பிள்ளைக்கா பதினெட்டு என்று அவளுக்கும் உறுத்தியது. ஆனாலும் கூட்டலை இன்னொரு தடவை சரிபார்த்துவிட்டு, ரோஸ் சீட்டை எழுதிக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

சீட்டு இங்கிலீஷில் இருந்தது. வீராயி அதைச் சுருக்குப் பையில் வைத்து, மறுநாள் காலை தான் வேலை செய்யும் வீட்டு மீனாக்ஷியிடம் படிக்கக் கொடுத்தாள். மீனாக்ஷியின் கணவர் ராமமூர்த்தி ஆபீசர். அவள் கெட்டவள் இல்லை, பயந்தவள். 'ஞாபக மறதி நோய் என்று சந்தேகம்' என்று படித்ததும் அவள் கண் நேராகச் சமையலறை கேஸ் சிலிண்டருக்குப் போயிற்று. அந்தச் சிலிண்டர் வந்தே ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

"நாளைக்கு நீ ஞாபகம் இல்லாம கேஸைத் திறந்து விட்டுட்டுப் போயிட்டேன்னா என்ன பண்றது வீராயி? உடம்பைப் பாத்துக்கோ. கொஞ்ச நாள் வர வேண்டாம்."

மாடி வீட்டுக்குச் செய்தி போக அரை மணி நேரம் ஆனது. மூன்று நாளில் மூன்று வீடும் போயிற்று.

காத்தவராயன் அதைவிடப் பயந்துபோனான். அவனும் மனைவியும் விடிந்ததும் வேலைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார்கள். "ரிங் ரோட்டுல எறங்கி எங்கனா நடந்துடுச்சுன்னா, இம்மாம் பெரிய டில்லியில நான் எங்கன்னு தேடுவேன்?" என்றான். அடுத்த வியாழக்கிழமை ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் ரயிலேறுகிறார்கள். அவர்களோடு அம்மாவைக் கள்ளக்குறிச்சிக்கு அனுப்பிவிடுவதென்று முடிவு செய்துவிட்டான். அங்கே அவளுடைய அண்ணன் வீடு இருந்தது. அந்த அண்ணனை அவள் பார்த்து இருபது வருஷம் ஆகியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை வீராயி ராஜலக்ஷ்மியின் வீட்டைத் தேடி வந்துவிட்டாள். மேலே வரச்சொன்னால் வரவில்லை. படிக்கட்டின் கீழேயே நின்றாள்.

"அம்மா, நான் எதத் தப்பாச் சொன்னேன்? அத மட்டும் சொல்லிடு. திருத்திச் சொல்லிடுறேன்."

"அதெல்லாம் சொல்லப்படாது வீராயி. டாக்டர் பாத்துச் சொல்வார்."

"டாக்டரு எப்பப் பாப்பாரு?"

"அடுத்த மாசம் கூப்பிடுவா."

"வியாழக்கெழம ரயிலும்மா!" என்றாள் வீராயி. "இங்கன நாலு பாத்திரத்தக் கழுவி, எஞ்சோத்த நான் திங்கிறேன். யாரும் என்னய ஒரு சொல்லு சொன்னதில்ல. அங்க போனா அண்ணம்பொண்டாட்டி எப்ப போடுவான்னு மூலையில குந்திக் கெடக்கணும். எனக்கு மறதியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீ எழுதிட்ட. நீயே அழிச்சிடு தாயி."

ராஜலக்ஷ்மி ஏதோ சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டு அன்று முழுவதும் சிடுசிடுவென்று இருந்தாள். சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை, ரேஷன் கார்டைப் புதுப்பிக்கப் போனாள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா தலையை நிமிர்த்தாமல் கேட்டான்.

"பதி கா நாம்?"

கணவர் பெயர் என்ன என்பது எத்தனையோ ஆபீஸில் எத்தனையோ தடவை கேட்கப்பட்ட கேள்வி. அவளிடம் அதற்கு ஒரு வழி இருந்தது. பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து, எழுதி, ஜன்னல் வழியாகத் தள்ளினாள்.

"போலியே, பெஹன்ஜி." சொல்லச் சொன்னான்.

"லிக்கா ஹை, பையா." அதான் எழுதியிருக்கே என்றாள்.

"கண்ணாடி இல்லை எனக்கு. வாயைத் திறந்து சொல்லுங்கள், ஜல்தி!" என்றான் அவன் ஹிந்தியில்.

ராஜலக்ஷ்மி திரும்பிப் பார்த்தாள். வரிசையில் பின்னால் தெரிந்தவர்கள் யாராவது நின்றால் சொல்லச் சொல்லலாமே என்றுதான் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பதிலுக்காகப் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்ப்பார்கள்! சுருக்கென்றது.

"ஐயோ, பாவி!" என்று தமிழிலேயே சத்தமாகச் சொன்னாள். குமாஸ்தா தன்னைத்தான் திட்டுகிறாள் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தான். அதற்குள் அவள் கார்டையும் விட்டுவிட்டு வெளியே போய்விட்டாள்.

நேராக ஜுக்கிகளுக்குத்தான் போனாள். வீராயி வீட்டுக்குப் போகத் தைரியம் வரவில்லை. பக்கத்து வீட்டு முத்தம்மா கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் கேட்டாள்.

"ஏம்மா, வீராயி வீட்டுக்காரர் பேர் என்ன?"

"பச்சமுத்து மாமாவா? அவுரு செத்து எத்தினி வருசமாச்சு!"

பச்சை. முத்து. ராஜலக்ஷ்மி அங்கேயே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள். அட்டையில் இருந்த பச்சை நிறத்தை வீராயி வாயால் சொல்ல முடியாது. முத்து என்ற சொல்லைத் திருப்பிச் சொல்ல முடியாது. அந்தச் சொல்லைப் போய், தானே பொறுக்கி எடுத்து, கர்வப்பட்டுக்கொண்டு வைத்தோமே! வீராயிக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருந்ததால்தான் சொல்லவில்லை.

இன்னொன்றும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. குவார்ட்டர்ஸில் இதே கேள்வியைக் கேட்டபோது பாதி மாமிகள் வாயைத் திறக்கவில்லை. "அவர் பேரா? வாசல்ல போர்டு இருக்கே, பாருங்கோளேன்" என்றார்கள். இவளும் எட்டிப் போர்டைப் பார்த்துவிட்டு, இரண்டு மார்க் போட்டுவிட்டு, காப்பி குடித்துவிட்டு வந்தாள். ஜுக்கி வாசலில் போர்டு ஏது? தன்மேலேயே அவளுக்கு அப்படி ஓர் ஆத்திரம் வந்தது.

திங்கட்கிழமை டாக்டர் சூரியின் அறைக்குப் போய், மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். தன் தப்பு என்றும் சொன்னாள். வேலை போனால் போகட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

டாக்டர் முதலில் எரிந்து விழுந்தார். "நூற்று நாற்பது ஃபாரம் முடிந்துவிட்டது ராஜலக்ஷ்மிஜி! இப்போது வந்து சொல்கிறீர்களே!" பிறகு மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்து, நெற்றியில் அறைந்துகொண்டார்.

"என் அம்மா, ஐம்பது வருஷமாக என் அப்பாவை 'சுன்தே ஹோ', 'கேட்கிறீர்களா' என்றுதான் கூப்பிடுகிறாள். டெலிபோனில் யாராவது அப்பா பேரைக் கேட்டால் ரிசீவரை என்னிடம் கொடுத்துவிடுவாள். அந்த வீட்டிலிருந்து வந்து நான் இந்தக் கேள்வியை எழுதியிருக்கிறேன் பாருங்கள்."

வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததை ஒருவரும் ஆபீஸுக்குக் கொண்டுவரவில்லை. அந்தக் கேள்வியை எடுத்துவிட்டார்கள். பச்சைக்குப் பதில் வெள்ளை வந்தது, முத்துக்குப் பதில் செருப்பு வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுத்து மார்க்கை எப்படிச் சரிக்கட்டுவதென்றும் டாக்டர் யோசித்தார். பெண்கள் எண்பத்தாறு பேர். அத்தனை பேரையும் ஞாயிற்றுக்கிழமைகளில் திரும்பப் போய்ப் பார்ப்பதாக ராஜலக்ஷ்மி ஒப்புக்கொண்டாள். வீராயிக்கு நாலு மார்க் கூடி இருபத்திரண்டு ஆனது. நினைவில் குறையில்லை என்று டாக்டர் ஒரு வெள்ளைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இன்றைக்குக் குறையில்லை, அவ்வளவுதான். ஐந்து வருஷம் கழித்து இவர்கள் எல்லோரையும் மறுபடி பார்ப்போம்" என்றும் சொன்னார்.

காகிதம் கிடைத்தது புதன்கிழமை மத்தியானம். ராஜலக்ஷ்மி முதலில் மீனாக்ஷி வீட்டுக்குப் போனாள். மீனாக்ஷி காகிதத்தை இரண்டு தடவை படித்தாள். ஆனாலும் கேஸ் பயம் போகவில்லை.

"டாக்டர் எழுதறது இருக்கட்டும், ராஜம். ஆத்துக்காரர் பேரே தெரியாதவளை எப்படி நம்பறது?"

"சரி மாமி. உங்காத்துக்காரர் பேர் என்ன?"

"உனக்குத் தெரியாதா? வாசல்ல போர்டு..."

"போர்டு வேண்டாம். வாயால சொல்லுங்கோ."

மீனாக்ஷி வாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "போடி!" என்றாள். "வீராயியை நாளைக்கே வரச்சொல்லு."

ஜுக்கிக்குப் போனபோது துணிமூட்டை கட்டியாகிவிட்டது. வீராயி அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். காத்தவராயன் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, கையில் சிமெண்ட் காயாமல் நின்றான். ராஜலக்ஷ்மி நிற அட்டையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது என்ன கலர்?"

"பச்ச."

"உங்கம்மா எப்பவாவது இந்தப் பேரைச் சொல்லி நீ கேட்டிருக்கியா?"

காத்தவராயன் யோசித்தான். "எலக் கலருன்னுதான் சொல்லும். பச்ச மொளகாயக்கூட ஒறப்புக்காயின்னுதான்..." சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தான். "அட, இதுக்கா? இதுக்காம்மா பைத்தியம்னு சீட்டு எழுதிக் குடுத்த?"

"ஆமாம். என் தப்புதான்" என்றாள் ராஜலக்ஷ்மி. வீராயியின் பக்கம் திரும்பி, "மன்னிச்சுக்கோங்க" என்றும் சொன்னாள். இந்தத் தடவை 'நீங்க' ஃபாரத்தில் இருந்து வரவில்லை.

வீராயி மூட்டையை அவிழ்க்க ஆரம்பித்தாள். "முன்னாடியே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனில்ல, வாயில வரக்கூடாத பேருன்னு" என்று முணுமுணுத்தாள். அவ்வளவுதான், அதற்கு மேல் அதைப் பற்றி அவள் பேசவே இல்லை. வியாழக்கிழமை ரயில் அவள் இல்லாமல் போயிற்று.

அதற்குப் பிறகு ராஜலக்ஷ்மி எண்பத்தாறு பெண்களையும் பார்த்து முடித்தாள். ஆராய்ச்சி வளர்ந்தது, அவள் வேலையும் நிரந்தரமாயிற்று. நடுவில் ஆசிய விளையாட்டுக்காக நகரம் முழுவதும் தோண்டினார்கள், பாலம் கட்டினார்கள். காத்தவராயனுக்கு ஓயாத வேலை. ஜுக்கிக்குச் செங்கல் சுவர் வைத்தான். வீராயி மீனாக்ஷி வீட்டில் மட்டும் பாத்திரம் கழுவினாள். கோயிலில் பார்க்கும்போதெல்லாம், "என்னாம்மா, இன்னிக்கு என்னா தேதின்னு நீ சொல்லு பாப்பம்!" என்று ராஜலக்ஷ்மியை வம்புக்கு இழுப்பாள். பாதி நாள் ராஜலக்ஷ்மிக்குத் தெரியாது.

எண்பத்துநாலு ஏப்ரலில் இரண்டாவது சுற்று வந்தது. ஞாயிற்றுக்கிழமை பகலில் போனாள், வீராயியைக் கடைசியாக வைத்துக்கொண்டு. அவளிடம் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருக்கலாம் என்ற ஆசைதான். காத்தவராயன் வீட்டில் இருந்தான். வீராயி தட்டில் சோற்றை மூடி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். இளைத்திருந்தாள். மற்றபடி அதே விறைப்பு.

புது ஃபாரம். கிழமை சரி. மாதம் சரி. தேதியில் ஒரு நாள் தள்ளிப் போயிற்று. சிவப்பு, மஞ்சள், வெள்ளை மூன்றும் சொன்னாள். கதவு, வாழைப்பழம், செருப்பு மூன்றையும் சொன்னாள். மகன் பெயர், பேரப்பிள்ளைகள் பெயர் எல்லாம் வந்தன. கூட்டினால் இருபத்துநாலு. ராஜலக்ஷ்மிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இந்தத் தடவை என்னை விட நீங்கதான் அதிகம் வாங்குவேள் போலிருக்கு!" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

"கெளம்பிட்டியா தாயி?" என்றாள் வீராயி. "போற வழியில அந்தப் பெரிய கட்டடத்துல வேல நடக்குதில்ல, அங்கதான் பச்சமுத்து இருப்பாரு. சோறு ஆறிப்போவுது, வரச்சொல்லிட்டுப் போ."

தெளிவாக, சத்தமாகச் சொன்னாள். முகத்தைத் திருப்பவில்லை. தலைப்பு வாய்க்குப் போகவில்லை.

காத்தவராயன் வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தான். தண்ணீர் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மா," என்றான் ராஜலக்ஷ்மியிடம். "எங்கப்பா பேரச் சொல்லுது."

ராஜலக்ஷ்மி ஃபாரத்தைப் பார்த்தாள். அதில் இதற்கு இடமில்லை. இந்தக் கேள்வியை எடுக்கச் சொன்னதே அவள்தான்.

"மார்க்கு எத்தினிம்மா?"

"இருபத்துநாலு."

"அப்ப நல்லா இருக்குதுன்னுதான அர்த்தம்?" அவன் குரல் கெஞ்சியது. அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது.

"இல்லப்பா" என்றாள் ராஜலக்ஷ்மி. அழுகை வந்தது. அடக்கவில்லை.

"பச்சமுத்து எங்கடா? உங்கப்பனத்தான்டா கேக்குறேன்" என்றாள் வீராயி, மகனைப் பார்த்து, எரிச்சலோடு.

காத்தவராயன் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். மூடியை எடுத்து, தட்டை அம்மாவின் பக்கம் நகர்த்திவிட்டு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். "வேல முடிஞ்சு வந்துடும்மா. நீ மொதல்ல துன்னு. நான் ஒன் கூடவே குந்தியிருக்கிறேன்" என்றான். அவள் சாப்பிட ஆரம்பித்த பிறகு, திரும்பிப் பார்க்காமலே, "ரயிலு கியிலெல்லாம் இல்லம்மா. எங்கயும் அனுப்ப மாட்டேன். ஆசுபத்திரிக்கு என்னிக்கு வரணும், அத எழுதிக் குடு" என்று ராஜலக்ஷ்மியிடம் கேட்டான்.

அவள் ரோஸ் சீட்டை எடுத்து நாளை எழுதினாள். பிறகு, ஃபாரத்தில் இருபத்துநாலு என்று போட்டிருந்த இடத்துக்குப் பக்கத்து ஓரத்தில், டாக்டருக்குப் படிக்கத் தெரியாத தமிழில், 'கணவர் பெயரைத் தாமாகவே சொன்னார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.